ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு குடும்ப நாள்: முதல்முறை நடத்தப்போகிறவர்களுக்கு

உங்கள் ஊரில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய வீட்டின் முகப்பாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் பூட்டிக் கிடந்த ஓர் அறையாக இருக்கலாம். நாலைந்து பெட்டகங்கள், சுவர் நிறையப் புகைப்படங்கள், பேரேடுகள், பித்தளைப் பாத்திரங்கள். விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஏதாவது நடத்தலாமே என்று யாரோ சொல்ல, பொறுப்பு உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. அப்படிப் பொறுப்பேற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு பழைய வீட்டின் முகப்பிலும் அதை ஒட்டிய இரண்டு அறைகளிலும் சில ஆண்டுகளாகக் குடும்ப நாள்களும் பள்ளி நிகழ்ச்சிகளும் நடத்திவருகிறேன்.

முதல் நிகழ்ச்சியில் நான் செய்தது முழுக்கத் தவறு. எழுபது குழந்தைகள், அவர்களின் பெற்றோர், ஒரு மைக், கையில் ஆறு பக்கக் குறிப்பு. ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று ஓடினேன். பாதி நேரத்துக்குள் பிள்ளைகள் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், தூணைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுவன் மட்டும் அறையை விட்டு வரவில்லை. ஒன்பது வயது இருக்கும். பழைய மரக் கைப்பெட்டி ஒன்றின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, "இது எப்படித் திறக்கும்?" என்று கேட்டான். நான் அவசரத்தில், "தொடாதே, வா" என்றேன். அன்று வந்த எழுபது பேரில் அருங்காட்சியகத்தை உண்மையாகப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் நான் எழுப்பி அனுப்பினேன். இன்றும் அதை நினைத்தால் மனம் சுருங்குகிறது.

அடுத்த முறை அந்தக் கைப்பெட்டி ஒன்றை மட்டும் வைத்து நிகழ்ச்சி நடத்தினேன். கீழே சொல்லும் எல்லாமே அதிலிருந்து கற்றுக்கொண்டவை.

முதலில் நீங்கள் போய்ப் பாருங்கள்

நடத்துவதற்கு முன் பார்வையாளராகச் சில இடங்களுக்குப் போய்வாருங்கள். புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் காரைக்குடியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. சமஸ்தானக் காலத்தில், 1910 இல் தொடங்கியது. சிவகங்கையிலும் அரசு அருங்காட்சியகம் உண்டு. இவற்றுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை, இரண்டாம் சனிக்கிழமையும் திறப்பதில்லை. எதற்கும் கிளம்பும் முன் ஒருமுறை தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். மதுரைக்குத் தென்கிழக்கே கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. அது தொல்லியல் துறையைச் சேர்ந்தது, விடுமுறை நாள் வேறு. கட்டடத்தையே செட்டிநாட்டு வீட்டின் பாணியில் கட்டியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் "நம்ம ஊர் வீடு மாதிரி இருக்கிறதே" என்பார்கள்.

போனால் எல்லாக் கூடங்களையும் சுற்றாதீர்கள். ஒரு கூடத்தில் அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து, குடும்பங்களைக் கவனியுங்கள். குழந்தை எதன் முன் நிற்கிறது, அம்மா அப்பா எதைப் பார்த்ததும் குழந்தையைக் கூப்பிடுகிறார்கள், விளக்கப் பலகையை யாராவது கடைசி வரி வரை படிக்கிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். தன் வீட்டிலோ பாட்டி வீட்டிலோ பார்த்த பொருள் வந்தால் பெரியவர்கள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள். நாம் நடத்தப்போகும் நிகழ்ச்சிக்கு அந்தப் பேச்சுதான் முதலீடு. திரும்பும் முன் காப்பாட்சியரைச் சந்தித்து வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். பொருள்களைப் பாதுகாப்பது பற்றிப் பின்னால் நூறு சந்தேகம் வரும். கேட்க ஆள் வேண்டும்.

ஒரு நாளுக்கு ஒரு பொருள்

இனி உங்கள் அருங்காட்சியகத்துக்குள் வாருங்கள். இருநூறு பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்பேன். இதைக் கையாண்டவரோ, கையாண்டதைப் பார்த்தவரோ ஊரில் இன்னும் இருக்கிறாரா? இதைக் கொண்டு குழந்தை ஏதாவது செய்ய முடியுமா? இதிலிருந்து ஊருக்கு வெளியே போகும் பாதை ஒன்று இருக்கிறதா?

கைப்பெட்டிக்கு மூன்றுமே உண்டு. வட்டிக்கடையில் கணக்கு எழுதுகிறவர் தரையில் உட்கார்ந்து முன்னால் வைத்துக்கொள்ளும் சிறிய மரப்பெட்டி அது. மூடி தன் பக்கமாகச் சரிந்திருக்கும். அதன் மேலேயே ஏட்டை வைத்து எழுதலாம். எங்களிடம் இருப்பது தேக்கு. மூலைகளில் பித்தளைத் தகடு. உள்ளே பேனாவுக்கு ஒரு நீள வாய்க்கால், மைக்கூட்டுக்கு ஒரு சதுரக் குழி, சில்லறைக்கு மரத்திலேயே குடைந்த மூன்று கிண்ணங்கள். அந்தக் கிண்ணங்களின் அடி கறுத்துப்போயிருக்கும். பத்து குழந்தைகளை அதைச் சுற்றி உட்காரவைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கச் சொன்னேன். ஒரு பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள்: மூடியின் வலது ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. இடது பக்கம் மரத்தின் ரேகை அப்படியே இருந்தது. ஏன் என்று நான் சொல்லவில்லை. அவர்களே ஒவ்வொருவராகக் கையைக் காற்றில் வைத்து எழுதிப் பார்த்து, மணிக்கட்டு உரசிய தடம் என்று கண்டுகொண்டார்கள். பெயர் தெரியாத ஒருவர் பல ஆண்டுகள் அங்கே கை வைத்து எழுதியிருக்கிறார். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்தப் பெட்டியிலிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் போய்விடலாம். கொண்டுவிக்கப் போவது (கடல் கடந்து தொழிலுக்குப் போவது), மூன்று வருடக் கணக்கு, பெட்டியடிப் பையன், மேலாள், அடுத்தாள் (கடையின் தலைவரும் அவருக்கு அடுத்தவரும்), கிட்டங்கி (கடைகள் இருந்த கட்டடம்) என்று ஒரு சொல்லகராதியே அதற்குள் இருக்கிறது. பெட்டியடிப் பையன் என்றால் கடையில் தொழில் கற்கச் சேர்ந்த சிறுவன் என்று சொன்னதும் பிள்ளைகளின் முகம் மாறும். தங்கள் வயதை விடச் சற்றே பெரியவர்கள் கப்பலேறிப் போயிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி.

வேறு நல்ல பொருள்கள்: படியும் உழக்கும், மரவை, மங்குச் சாமான், ஓலைக் கொட்டான், ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடியில் செய்யும் வண்ணத் தரைக்கல்), திருமணத்தில் எழுதும் இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம், ஊரணிப் படித்துறையின் பழைய புகைப்படம். கழுத்திரு எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் நகையை வைத்து நிகழ்ச்சி நடத்தினால் பேச்சு எத்தனை சவரன் என்பதிலேயே நின்றுவிடும். பூட்டும் காவலும் வேறு கவலை. நான் வைப்பதில்லை.

ஊர் காரைக்குடியாக இருந்தால் பெரிய பிள்ளைகளுக்குக் கல்வி நிறுவனங்களையே பொருளாக எடுக்கலாம். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இந்த ஊருக்கு ஏன் வந்தது என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். அந்தக் காலத்து ஒரு புகைப்படத்தை நடுவில் வைத்து இரண்டு மணி நேரம் பேசலாம்.

தேதி குறிப்பது

முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பெரிய முகூர்த்த நாளில் வைத்தால் ஊரே கல்யாணத்துக்குப் போயிருக்கும். கோயில் திருவிழா நாளிலும் வைக்காதீர்கள். திருவிழாவுக்கு முந்திய நாளோ மறுநாளோ நல்லது, வெளியூர்க் குடும்பங்கள் ஊரில் இருப்பார்கள்.

மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள். 1977 முதல் கொண்டாடுகிறார்கள். விடுமுறையில் வருவதால் பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டில் இருக்கும் நேரம். வெயிலை மட்டும் நினைவில் வையுங்கள், காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடித்துவிட வேண்டும். ஏப்ரல் 18 உலக மரபு நாள் தேர்வுக் காலத்தில் மாட்டிக்கொள்கிறது. நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம், பள்ளிகளோடு சேர்ந்து நடத்த ஏற்றது. மழை மாதம் என்பதால் வளவில் பந்தி வைப்பதைத் தவிருங்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பள்ளித் தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் இந்த ஒரு வரி இருந்தால் அனுமதி விரைவில் கிடைக்கிறது.

எனக்குப் பிடித்தது மார்கழியில் வரும் பிள்ளையார் நோன்பையொட்டிய நாள். கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள், 21 நூலிழை சேர்த்த திரி. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் அப்போது பள்ளி விடுமுறை. இழை எடுப்பது வீட்டில் நடக்கும் வழிபாடு. அதை நடித்துக் காட்ட வேண்டாம். புது வேட்டியிலிருந்து நூல் எடுத்துத் திரியாக்குவதை மட்டும் ஓர் ஆச்சி உட்கார்ந்து செய்து காட்டினால் போதும்.

பெரியவரை அழைப்பது

நிகழ்ச்சியின் உயிர் இவர்தான். ஒருவர் போதும், இருவர் இருந்தால் ஒருவரையொருவர் திருத்திக்கொள்வார்கள், அதுவும் நன்றாக இருக்கும்.

ஒரு வாரம் முன்பே வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பொருளின் புகைப்படத்தைக் காட்டி, "இதை யார் வைத்திருந்தார்கள்? எங்கே வைப்பார்கள்? முதலில் எதைச் செய்வார்கள்?" என்று கேளுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். பேசும்போது ஒரு செயல் கண்ணில் படும். எங்கள் கைப்பெட்டி நாளுக்கு வந்த ஐயாவின் அப்பச்சி (அப்பா), பினாங்கில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். ஐயாவைப் பேசச் சொன்னால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். ஆனால் பெட்டியை முன்னால் வைத்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, அப்பச்சி எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு இழுப்பார் என்று செய்து காட்டினார். பிள்ளைகள் அதைத்தான் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

மேடை, பொன்னாடை, மைக் மூன்றும் வேண்டாம். பொருளுக்குப் பக்கத்தில் கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்று, குடிக்க வெந்நீர், அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் வண்டி. பேசுவதைப் பதிவுசெய்வதானால் முன்பே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டின் வரலாறு பெரிய வீட்டுக்காரர்களின் வரலாறு மட்டும் என்று ஆக்கிவிடாதீர்கள். தூணைச் செதுக்கிய தச்சர், சுண்ணாம்பு அரைத்துச் சுவரைக் கண்ணாடியாக்கிய கொத்தனார், விருந்துக்குச் சமைத்தவர், கண்டாங்கிச் சேலை நெய்கிறவர், கொட்டான் முடைகிறவர், ஆத்தங்குடியில் கல் போடுகிறவர், மாட்டுவண்டி ஓட்டியவர் எல்லோருக்கும் அந்த நாற்காலி உரியது. ஒருமுறை, பெரிய வீடொன்றில் முப்பது வருடம் வாசல் பெருக்கி வேலை செய்த அம்மாவை அழைத்தோம். மழை வந்தால் வளவின் எந்த மூலையில் அண்டாவை வைக்க வேண்டும், எந்த மூலைத் தண்ணீர் முதலில் தெளியும், மிச்சம் எந்த வழியாகத் தெருவுக்குப் போகும் என்று அவர் நடந்து காட்டினார். ஓட்டுச் சரிவு, வளவு, வடிகால், ஊரணி என்று நாங்கள் பலகையில் எழுதிவைத்திருந்தது அன்றுதான் எனக்கே விளங்கியது.

அவரை அந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்களாம். இங்கே வருகிற பிள்ளைகள், வருகிற பெரியவர் யாரானாலும் ஆச்சி, ஐயா, பாட்டி, தாத்தா என்று முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடலாம் என்று பெரியவரிடமே முதலில் கேட்டு, எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

இரண்டு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது

இருபது குழந்தைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஐந்து குழந்தைக்கு ஒரு தன்னார்வலர். கூட்டம் அதிகமானால் மாலையில் இன்னொரு முறை நடத்துங்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோரோடுதான் இருக்க வேண்டும். அவர்களுக்குத் தனியாக ஒரு ஜமுக்காளமும் பல்லாங்குழியும் வைத்துவிட்டால் சலிப்பு வரும்போது அங்கே போய்க்கொள்வார்கள்.

முதல் கால் மணி நேரம் வருகைக்கு. நுழைவுக் கட்டணம் வாங்காமல், வீட்டில் புழங்கும் ஒரு பழைய சொல்லைக் கொண்டுவரச் சொல்வோம். வாசலில் ஒரு பெரிய தாள். அதில் குழந்தை தன் கையால் அந்தச் சொல்லையும் பொருளையும் எழுத வேண்டும். பழைய பொருள் கொண்டுவரச் சொன்னால் இல்லாத வீட்டுக் குழந்தை கூசிப்போகும். சொல் இல்லாத வீடு இல்லை. தேவகோட்டையிலிருந்து வந்தவரும், கூலி வேலைக்கு வேறு மாவட்டத்திலிருந்து வந்து குடியேறியவரும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவார்கள். ஒரே கரண்டிக்கு அந்தத் தாளில் ஐந்தாறு பெயர் சேர்ந்துவிடும்.

அடுத்துப் பொருளைச் சுற்றி உட்கார்ந்து ஐந்து நிமிடம் மௌனமாகப் பார்ப்பது. கைபேசிகளைப் பெற்றோரும் பையில் வைத்துவிட வேண்டும். பிறகு ஆளுக்கொரு துண்டுத் தாளில் ஒரு கேள்வி. எழுத வராத குழந்தை படம் வரையட்டும். கேள்விகளைச் சேர்த்துப் பெரியவரிடம் கொடுங்கள். அவர் தனக்குப் பிடித்த கேள்வியிலிருந்து தொடங்குவார். அரை மணி நேரம் இதற்குப் போகும், குறுக்கிடாதீர்கள். அவர் தேதியைத் தப்பாகச் சொன்னால் அந்த இடத்தில் திருத்த வேண்டாம்.

இதற்குப் பிறகு தண்ணீரும் பலகாரமும். வெள்ளைப் பணியாரமோ சீயமோ சூடாகக் கிடைத்தால் நல்லது. கவுனி அரிசிப் பொங்கல் கொடுத்தால் அது பர்மாவோடு வந்த உறவு என்று சொல்லிக்கொண்டே பரிமாறலாம். சாப்பாட்டைப் பொருள்கள் இருக்கும் அறைக்குள் எடுத்துவரக் கூடாது. சிந்திய சர்க்கரைக்கு எறும்பு வரும், எறும்பைத் தேடிப் பல்லி வரும், பேரேடு வீணாகும்.

மீதி நேரம் கைவேலை. பெற்றோரும் தரையில் உட்கார்ந்து சேர்ந்து செய்ய வேண்டும். ஓரமாக நாற்காலி போட்டால் அவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்பதால் நாங்கள் போடுவதில்லை, முட்டிவலி உள்ளவர்களுக்கு மட்டும் உண்டு.

கைவேலைக்குச் சில யோசனைகள்

பேரேட்டு எண்கள். ஒரு பக்கத்தைப் பெரிதாக நகலெடுத்துக் கொடுங்கள். ௧ பார்க்க க போல, ௨ உ போல, ௭ எ போல, ௮ அ போல என்று சொன்னால் பத்து நிமிடத்தில் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். பழைய முறையில் 12 என்பது ௰௨. 1937 என்பது ௲௯௱௩௰௭. முதலில் தன் வயதை எழுதட்டும், பிறகு அம்மாவின் வயதை. கால் என்பதற்கு வ போன்ற குறி. எட்டேகால் லட்சணம் என்று வைவது ஏன் என்று அப்போது கேளுங்கள்: எட்டு அ, கால் வ, சேர்த்தால் அவலட்சணம். அறை முழுக்கச் சிரிப்பாக இருக்கும். ஏட்டில் தேதிக்குப் பதில் தமிழ் வருடத்தின் பெயர் இருக்கும். 2015 சித்திரை முதல் 2016 பங்குனி வரை பிறந்த குழந்தைக்கு மன்மத வருடம். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் வருவதால் 1955 சித்திரைக்குப் பிறகு அந்த ஆண்டில் பிறந்த தாத்தாவுக்கும் மன்மத வருடம்தான். இருவரும் ஒரே வருடத்துக்காரர்கள் என்று தெரிந்ததும் ஒரு தாத்தாவும் பேரனும் கைகுலுக்கிக்கொண்டதை மறக்கவே முடியாது.

அணா கணக்கு. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை (தம்பிடி) என்று 1957 வரை இருந்தது. பத்து வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு ஏட்டின் ஒரு வரியைக் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். தந்தைகளும் திணறுவார்கள்.

படி அளப்பது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், அரிசியைக் கொடுத்து அளந்து கண்டுபிடிக்க விடுங்கள். ஊருக்கு ஊர் படி மாறும். இரண்டு ஊர்ப் படிகள் கிடைத்தால் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தட்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் தகட்டு அச்சை இறக்கி, ஒவ்வொரு கண்ணறையிலும் வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, மேலே ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்கிறார்கள். பிறகு காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். கண்ணாடியை ஒட்டியிருந்த முகம்தான் பளபளக்கும் முகம். இதைப் பட்டறையில் நேரில் பார்ப்பதுதான் அழகு. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு பத்துப் பத்துப் பேராகக் கூட்டிப் போங்கள். ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும், குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. அருங்காட்சியகத்தில் சதுர அட்டை போதும். ஒரு மூலையில் கால் பூ வரைந்த நான்கு அட்டைகளை ஒரு குடும்பத்துக்குக் கொடுங்கள். திருப்பித் திருப்பி வைத்தால் நடுவில் முழுப் பூ மலரும்.

கடிதம். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்கு போன அப்பாவுக்கு எழுதுவதாகக் குழந்தையும், வீட்டுக்கு எழுதுவதாக அப்பாவும் ஆளுக்கொரு கடிதம் எழுதி மாற்றிக்கொள்வார்கள். அரபு நாடுகளில் வேலை பார்க்கும் அப்பாக்களின் பிள்ளைகள் இதை எழுதும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும். ஒரு பெண் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அதை வாசிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் பர்மாவைப் பற்றி முழுதாகச் சொல்லுங்கள். 1930 களில் நெல் விலை சரிந்தபோது செட்டியார்களின் வட்டிக்கடைகளில் கடன் வாங்கிய உழவர்களால் கட்ட முடியவில்லை. 1937 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. பிறகு 1942 இல் ஜப்பானியப் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு மக்கள் கால்நடையாக வந்தார்கள். நிலம் இழந்த பர்மிய உழவர், நடந்து வந்த நம்மவர் என்று இரண்டு துயரமும் ஒரே பேரேட்டில்தான் இருக்கின்றன. அரண்மனை போன்ற வீடுகளைக் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் அனுப்புவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

தொடலாம், தொடக்கூடாது

இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். திருகை, படி, அகப்பை, பல்லாங்குழி, உடைந்த ஆத்தங்குடிக் கல் போன்றவை தொடும் பொருள்கள். இவை ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துவைக்க வேண்டும். ஏடு, ஓலை, புகைப்படம், கண்ணாடி இவை தொடாத பொருள்கள். "தொடாதே" என்று பலகை வைப்பதை விட, தொடக்கூடியதைக் கைக்கெட்டும் உயரத்திலும் மற்றதை எட்டாமலும் வைத்துவிட்டால் சண்டையே இல்லை.

பேரேட்டைப் புரட்டிக் காட்டுகிறவர் கையைக் கழுவி நன்றாக ஈரம் துடைத்திருக்க வேண்டும். தாளுக்குக் கையுறையை விட இதுதான் நல்லது, கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழியும். புகைப்படத்துக்கும் உலோகத்துக்கும் பருத்திக் கையுறை. ஃபிளாஷ் வேண்டாம்.

நிகழ்ச்சிக்கு முந்திய நாள் உதவிக்கு வருகிற நல்லவர்கள் செய்யும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பித்தளைப் பாத்திரத்தையெல்லாம் புளி போட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கிவிடுவார்கள். எங்கள் குத்துவிளக்கின் அடியில் வெட்டியிருந்த பெயரும் வருடமும் அப்படித்தான் பாதி தேய்ந்துபோயின. மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

வயதானவர்களுக்குத் திண்ணைப் படியில் ஏறக் கைகொடுக்க ஆள், கழிப்பறைச் சாவி யாரிடம் என்ற தகவல், முதலுதவிப் பெட்டி, கிணறு இருந்தால் அதற்கு மூடி. குழந்தைகளைப் படமெடுக்கவும் வெளியிடவும் பெற்றோரின் கையெழுத்து.

அழைப்பு

சுருக்கமாக இருக்கட்டும். எங்கள் அழைப்பிதழ் இப்படி இருந்தது:

"ஞாயிறு காலை 9.30 மணி முதல் 11.30 மணி வரை, நம் ஊர் அருங்காட்சியகத்தில் கைப்பெட்டியைத் திறந்து பார்க்கப்போகிறோம். 8 முதல் 13 வயது வரை உள்ள பிள்ளைகள், வீட்டுப் பெரியவர் ஒருவரோடு வரவும். கட்டணம் இல்லை. உங்கள் வீட்டில் மட்டும் புழங்கும் பழைய சொல் ஒன்றைக் கொண்டுவாருங்கள். 20 பேருக்கு மட்டுமே இடம். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுத்துவிடவும்."

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வெளியூரில் இருப்பவர்கள்தான் முதலில் வாழ்த்து அனுப்புவார்கள். உள்ளூர்க்காரர்கள் வர வேண்டுமானால் பால் சொசைட்டி, ரேஷன் கடை, பள்ளி வாசல் இந்த மூன்று இடத்திலும் தாள் ஒட்டுங்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்வதற்கு ஈடு ஒன்றும் இல்லை. பள்ளிகளானால் தலைமையாசிரியருக்கு இரண்டு வாரம் முன்பே கடிதம் கொடுத்து, வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து பாடத்தோடு எது பொருந்தும் என்று பேசிக்கொள்ளுங்கள். நாற்பது பேர் வந்தால் பாதிப் பேரை ஊரணிக்கு அழைத்துப் போய்விட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

மறுநாள்

பிள்ளைகள் எழுதிய கேள்விகளைத் தூக்கிப் போடாதீர்கள். பதில் கிடைக்காதவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த நிகழ்ச்சி அதிலிருந்து பிறக்கும். சொற்கள் எழுதிய தாளைச் சுவரில் மாட்டுங்கள், எழுதிய குழந்தை தன் உறவினர்களைக் கூட்டிக்கொண்டு காட்ட வரும்.

நிகழ்ச்சி முடிந்த வாரத்தில் யாராவது ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போக வேண்டியது உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது. மகிழ்ச்சியில் உடனே வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். வந்தவரை உட்காரவைத்து, பதிவேட்டைத் திறந்து, கொடுப்பவர் பெயர், எந்த ஊர், எந்த வீடு, யார் பயன்படுத்தியது, என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், எந்த அறையில் இருந்தது, நன்கொடையா இரவலா என்று அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். பங்காளிகளின் சம்மதம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பொருளைக் கொடுப்பவர் கையில் பிடித்தபடி ஒரு புகைப்படம் எடுங்கள். கையெழுத்து வாங்கி நகல் ஒன்றை அவரிடம் கொடுங்கள்.

எங்கள் பதிவேட்டில் கடைசியாக எழுதியது ஒரு மைக்கூடு. கொண்டுவந்தது, முதல் நிகழ்ச்சியில் நான் எழுப்பி அனுப்பிய அந்தச் சிறுவன். இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறான். அவன் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டுப் பரணில் கிடந்ததாம். கைப்பெட்டியின் சதுரக் குழியில் அவனே வைத்துப் பார்த்தான். கொஞ்சம் ஆடியது, வேறொரு பெட்டிக்குச் செய்ததாக இருக்க வேண்டும்.